அட்டையில் வெட்டிய எழுத்து

கல்வெட்டு அன்பர்கள் அரியலூர்ப் பக்கம் வந்தால் எங்கெங்கு செல்வார்கள் என்பது நமக்குத் தெரிந்ததே. கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயில், அடுத்துள்ள கீழையூரின் இரட்டைக் கோயில்கள், பிறகு கங்கைகொண்ட சோழபுரம். நேரம் மிஞ்சினால் பெரம்பலூர்ப் பக்கம் திரும்பி வாலிகண்டபுரமும் இரஞ்சன்குடிக் கோட்டையும். (பழுவூர் என்றவுடன் பழுவேட்டரையர்களைத் தேடத் தொடங்கும் பொன்னியின் செல்வன் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க. இக்கட்டுரையில் அவர்கள் ஓரிரு வரிகளுக்கு மேல் வரப்போவதில்லை!) இக்கோயில்களுக்கு இடைப்பட்ட சாலையில் நூறு நூறு எழுத்துச் சுவர்களைக் கடந்தே செல்கிறோம். தேநீர்க் கடைச் சுவர், பாலத்துத் தூண், பள்ளி மதில், மின்கம்பம் எங்கும் எழுத்துத்தான். ஆயினும் கோயில் வாசலில் இறங்கிய பிறகே ‘எழுத்தைப் படிக்க வந்திருக்கிறோம்’ என்ற நினைவு நமக்கு வருகிறது.

‘கல்லிலும் செம்பிலும் வெட்டி’ என்பது நம் அரசர்களின் ஆவணமொழி. அவ்விரண்டிலும் வெட்டப்பட்டவற்றைப் படியெடுக்கவும் பதிப்பிக்கவும் துறைகள் உண்டு, அறிஞர்கள் உண்டு. அட்டையில் வெட்டி, அந்த ஓட்டை வழியே சுவரில் சாயம் ஒற்றி எழுதியவர்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய எழுத்துக்குப் படியும் இல்லை, பதிப்பும் இல்லை. கல்வெட்டைப் படிக்கும் அதே கண்ணோடு இந்த அட்டை எழுத்தையும் படிக்க முடியுமா என்று பார்ப்பதே நம் நோக்கம். முடியும் என்பதே நம் கருத்து. அதற்குப் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் அதிகம் இருக்காது என்பதும் நம் கருத்து.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். கல் நிலைக்கும், அட்டை அழியும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்றுமதிலும் கோபுரமும் என்னவாயின? கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்ட 1836 வாக்கில் அந்தக் கற்கள் பெயர்க்கப்பட்டு அணைக்கட்டுக்குப் போயின. கங்கை வரை சென்று வென்றவன் எழுப்பிய மதில் கொள்ளிடத்து நீரைத் தடுக்கப் போயிற்று. பிற்காலத்திலும் எத்தனையோ கோயில்களில் கல்வெட்டுகளின்மேல் சுண்ணாம்பு பூசினர். அதை நீக்குகிறோம் என்று மணல்வீச்சு முறையைக் கையாண்டு எழுத்தையும் சேர்த்தே நீக்கினர். எழுத்தைக் காப்பது கல்லன்று; படியெடுக்க வேண்டும் என்று யாருக்கேனும் தோன்றுவதுதான். செம்பியன் மாதேவியார் பழைய தளிகளைக் கற்றளிகளாக்கிய காலத்தில் திருக்கோடிக்காவல் போன்ற ஊர்களில் பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச்சுவரில் வெட்டுவித்தாரே, அந்த எண்ணத்தைத்தான் சொல்கிறோம்.

இனி அட்டைக்கு வருவோம்.

தொழில் எளிமையானது. கெட்டியான அட்டையில் எழுத்தைப் பென்சிலால் வரைந்து, கூரிய கத்தியாலோ சவரத் தகட்டாலோ உட்பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டும். அட்டை ஈரத்தில் ஊறாதிருக்க இருபுறமும் எண்ணெயோ வார்னிஷோ பூசிக் காயவைப்பர். பின் அதைச் சுவரில் அழுத்திப் பிடித்து, துணிப்பந்தையோ பஞ்சையோ சாயத்தில் தொட்டு ஒற்ற வேண்டும். இழுக்கக் கூடாது, இழுத்தால் சாயம் அட்டைக்கு அடியில் கசிந்து எழுத்துக்கு மீசை முளைத்துவிடும்! ஓவியர்கள் இதை ‘ஸ்டென்சில்’ என்றே வழங்கினர். மருத்துவமனைகளிலிருந்து பழைய எக்ஸ்ரே படங்கள் கிடைக்கத் தொடங்கியபின் அட்டையின் இடத்தை அவை பிடித்துக்கொண்டன. நனையாது, மடங்காது, விலையும் கிடையாது. லாரியின் பின்புறம், அரசு கொள்முதல் நிலையத்து நெல்மூட்டை, பள்ளி இருக்கை, மின்கம்பத்து எண் என்று எங்கெல்லாம் ஒரே எழுத்தை நூறு முறை எழுத வேண்டுமோ அங்கெல்லாம் இவ்வித்தை பயன்பட்டது.

எளிமையான தொழில்தான், ஆனால் தமிழ் எழுத்துக்கு எளிமையானதன்று. ஓட்டை வழியே எழுதும்போது சுழிக்குள் சிக்கிய பகுதி தனித் தீவாகிக் கீழே விழுந்துவிடும். ‘ட’, ‘ப’, ‘ய’, ‘ர’ இவற்றில் சிக்கலில்லை. எல்லாம் திறந்த வடிவங்கள். ‘க’வையும் ‘த’வையும் ‘அ’வையும் வெட்டிப் பாருங்கள். சுழியின் நடுவே உள்ள துண்டை ஏதேனும் ஒரு மெல்லிய கட்டினால் வெளி அட்டையோடு இணைத்து நிறுத்த வேண்டும். அந்தக் கட்டு சுவரில் சாயம்படாத ஒரு வெள்ளைக்கீற்றாக விழும். ஸ்டென்சில் எழுத்தை அடையாளம் காண்பதற்கான முதல் குறி இதுவே. கட்டு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது வெட்டியவரின் கைப்பழக்கம். ஆகவே ஒரு வட்டாரத்தின் சுவர்களை வரிசையாகப் பார்த்தால் இது ஒரே கை, இது வேறு கை என்று பிரித்துச் சொல்ல இயலும். கல்வெட்டில் உளியின் போக்கைப் பார்த்துத் தச்சனை இனங்காண முயல்கிறோமே, அதுபோலத்தான்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ஓலையில் எழுதியவர்களுக்குப் புள்ளி பெரும்பகை. எழுத்தாணியால் குத்தினால் ஏடு கிழியும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டுவிட்டே எழுதினர் என்பர். தொல்காப்பியமோ மெய்க்கு மட்டுமன்றி எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி வேண்டுமென்றது. புள்ளி போனதால் எகரமும் ஏகாரமும் ஏட்டில் மயங்கின. அந்த மயக்கத்தைத் தீர்த்து நெடிலுக்கு வேறு வடிவம் தந்தவர் வீரமாமுனிவர் (1680–1747). அவர் வாழ்ந்து திருப்பணி செய்த ஏலாக்குறிச்சி இதே அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையோரம் இருக்கிறது. அவர் தந்த இரட்டைக்கொம்பு ஏட்டுக்கும் அச்சுக்கும் பெருவரம். அட்டை வெட்டுவோருக்கோ அது வீண் தொல்லை! இரண்டு சுழி, இரண்டு கட்டு. மாறாக, ஏட்டாளர் அஞ்சிய புள்ளி அட்டையில் மிக எளிது. ஒரு துளை இட்டால் ஆயிற்று. எழுதுபொருள் மாறும்போது எழுத்தின் எளிமையும் கடினமும் இடம் மாறிக்கொள்வதை இதைவிடத் தெளிவாக மாணவர்க்குக் காட்டும் சான்று நமக்குத் தெரிந்து வேறில்லை.

அட்டைக்கு இன்னொரு வடிவமும் உண்டு. ஓட்டையை வைத்துக்கொண்டு எழுத்தை எறிவது ஸ்டென்சில். எழுத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிவது விழா மேடை. ஃபிளெக்ஸ் பதாகை வருவதற்கு முன் கல்லூரிகளில் பணியாற்றிய எவரும் இதை மறந்திருக்க மாட்டார்கள். அட்டையில் எழுத்துகளை வெட்டி, ஜிகினாத்தாள் ஒட்டி, மேடையின் பின்திரையில் குண்டூசியால் குத்துவோம். சென்ற ஆண்டின் எழுத்துகள் ஒரு பெட்டியில் கிடக்கும். இந்த ஆண்டுத் தலைப்பில் அவற்றுள் எவை உதவும் என்று எண்ணிப் பார்த்தே தலைப்பு வைத்த தமிழ் மன்றங்களும் உண்டு. ‘முத்தமிழ் விழா’வில் காற்றடித்துத் துணைக்கால் மட்டும் உதிர்ந்து, சிறப்பு விருந்தினர் தலைக்குமேல் ‘முத்தமிழ் விழ’ என்று நின்ற காட்சியைக் கண்டு சிரிக்காமல் இருந்தவர்கள் தமிழாசிரியர்களாகவே இருக்க முடியாது.

சுவருக்குத் திரும்புவோம். எழுத்து ஏற வேண்டுமானால் சுவர் வெண்மையாக இருக்க வேண்டும். அந்த வெண்மை இந்த மண்ணின் விளைபொருள். பல கோடி ஆண்டுகளுக்குமுன் கடல் கொண்டிருந்த நிலம் அரியலூர். நத்தையும் சிப்பியும் படிந்த கடலடிதான் இன்று சுண்ணாம்புக்கல். அதைச் சூளையில் சுட்டு, நீரில் நீற்றி, சிறிது நீலம் கலந்து, ஒட்டுவதற்குக் கஞ்சியோ வஜ்ஜிரமோ சேர்த்தால் வெள்ளையடிக்கும் கலவை. அதே கல்லை நம்பியே 1930-களின் இறுதியில் தால்மியாபுரத்திலும், பின்னர் அரியலூரைச் சுற்றியும் சிமெண்ட் ஆலைகள் எழுந்தன. தமிழக அரசின் அரியலூர் ஆலை 1979-இல் தொடங்கியது. பின்னாளில் தமிழகத்துச் சுவர்களை அதிகமாக நிறைத்த விளம்பரங்களில் சிமெண்ட் விளம்பரமும் ஒன்று. சுவர் கட்டியதும் இந்தக் கல், சுவருக்கு வெள்ளை அடித்ததும் இந்தக் கல், அதன்மேல் எழுதப்பட்டதும் இந்தக் கல்லின் பெயர்!

ஆண்டுதோறும் வெள்ளையடிப்பதால் சுவரில் அடுக்குகள் உருவாகின்றன. மழையில் மேலடுக்கு செதில்செதிலாக உரியும்போது பழைய தேர்தலின் எழுத்து அடியிலிருந்து எட்டிப்பார்க்கும். அகழாய்வில் மண்ணடுக்கைப் படிப்பது போலவே இதையும் படிக்கலாம். எது மேலே, எது கீழே என்பதே காலவரிசை.

காலம் கணிக்க இன்னுமொரு கருவி உண்டு. தமிழ்க் கடைகளின் பெயர்ப்பலகையில் தவறாது இடம்பெறும் சொல் ‘துணை’. முருகன் துணை, மாரியம்மன் துணை, அடைக்கல மாதா துணை. இச்சொல்லின் ‘ணை’ பழைய வடிவில், துதிக்கையைத் தூக்கிய யானைபோல இருக்கும். பெரியார் 1935-இல் தம் இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றது. அதன்பின் ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலியன இன்றைய வடிவம் பெற்றன. ஆகவே ஒரு சுவரின் அடியடுக்கில் புதுவடிவ ‘லை’ தென்பட்டால் அது பெரும்பாலும் அந்த ஆண்டுக்குப் பிற்பட்டது; சீர்திருத்த இயக்கத்தார் எழுதிய சுவர்கள் மட்டும் விலக்கு. யானை ‘லை’ இருந்தால் முற்பட்டது என்று உடனே சொல்லிவிட இயலாது. பழைய ஓவியர்கள் பல்லாண்டு பழைய கையையே தொடர்ந்தனர். எழுத்தமைதியை மட்டும் நம்பி ஒரு கல்வெட்டுக்குக் காலம் குறிப்பதில் உள்ள அதே இடர் இங்கும் உண்டு.

எழுத்தமைதி போதும், எழுதியவர்களைப் பற்றிப் பேசுவோம்.

பழுவேட்டரையன் குமரன் கண்டன் அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகத்தை எடுப்பித்தபோது சுவர் அவனுடையது, கல் அவனுடையது, தச்சனுக்குக் கூலியும் அவனுடையது. சுவர் இல்லாதவர்கள் எங்கே எழுதுவது? பிறர் சுவரில்தான். அதுவும் விரைவில், இரவில், காவலர் வருமுன். தாளும் அட்டையும் அங்கேதான் ஆயுதமாயின. ஐரோப்பாவில் 1981 முதல் பாரிஸ் சுவர்களில் அட்டை வெட்டி எலிகளை ஒற்றிய ‘பிளெக் லெ ரா’வும், அவருக்குப் பின்வந்த பிரிஸ்டலின் பாங்க்ஸியும் இவ்வித்தையை நாடியதற்கு முதற்காரணம் விரைவே என்பர். இதற்கெல்லாம் வெகுமுன்பே நம் பகுதியில் ஒரு பெயர்ப்பலகைப் போர் நடந்துவிட்டது.

1952 ஆகஸ்டில் தொடர்வண்டி நிலையங்களின் இந்தி எழுத்துகளைத் தார்பூசி அழிக்கும் போராட்டம் நடந்தது. அது அழித்தல் மட்டுமே. அடுத்த ஆண்டு 1953 ஜூலை 15-இல் அரியலூருக்குத் தெற்கே, அதே இருப்புப்பாதையில் நடந்தது வேறுவகை: மேலெழுதல். கல்லக்குடி என்னும் ஊரின் நிலையத்துக்கு ஆலை முதலாளியின் பெயரால் தால்மியாபுரம் என்று பெயர். தி.மு.க.வின் மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனையாக மு.கருணாநிதி தலைமையில் சென்ற அணி, ‘கல்லக்குடி’ என்று எழுதிய தாளை நிலையப் பலகைமேல் ஒட்டியது; பின் தண்டவாளத்தில் படுத்தது. அடுத்த அணியில் கவிஞர் கண்ணதாசன் இருந்தார். கைது, துப்பாக்கிச்சூடு, இருவர் உயிரிழப்பு, தலைவர்களுக்குச் சிறை. இரும்புப் பலகையில் அரசு எழுதிய பெயரை ஒரு தாள் சில மணித்துளிகளே மறைத்தது. பின்னாளில் அந்நிலையம் ‘கல்லக்குடி பழங்காநத்தம்’ ஆயிற்று. ஆலை முகவரியில் தால்மியாபுரம் இன்றும் இருக்கிறது. இரண்டு பெயரும் அருகருகே வாழ்கின்றன. எந்தக் கல்வெட்டறிஞர் பார்த்தாலும் இது மேலெழுத்து, இது அடியெழுத்து என்று பிரித்துவிடுவார்.

1956 நவம்பர் 23 விடியற்காலையில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். தொடர்வண்டி அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். துணையமைச்சர் ஓ.வி.அழகேசன் தமிழர். அவரைச் சுட்டித் தி.மு.க.வினர் எழுப்பிய முழக்கம் இன்றும் முதியோர் நாவில் உண்டு. அரியலூர், அழகேசன், ஆண்டது என மோனை. ஆண்டது, மாண்டது என எதுகை. முழக்கம் எழுதியவர் யாப்பிலக்கணம் படித்தாரோ இல்லையோ, அவர் காதில் அது இருந்தது. நடந்த துயரத்தின்மேல் இத்தனை ஓசைநயம் தகுமா என்ற கேள்வி நமக்குண்டு. ஆனால் ஒரு பேரிடரை இத்தனை காலம் ஊர் நினைவில் நிறுத்தியது அரசாங்க அறிக்கையன்று, அந்த எதுகைதான் என்பதையும் மறுக்க முடியவில்லை.

சின்னங்களுக்கும் சுவருக்கும் உள்ள உறவு தனிக் கட்டுரைக்குரியது. ஒன்றே ஒன்று: 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அ.தி.மு.க. வேட்பாளர் மாயத்தேவர் இரட்டை இலையைத் தேர்ந்ததற்குச் சுவரில் எளிதாக வரையலாம் என்பதே காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. அட்டை வெட்டும் கண்ணோடு பாருங்கள். சுழியில்லை, தீவில்லை, கட்டு வேண்டியதில்லை. அட்டையே இல்லாவிட்டாலும் தொண்டர் விரலைச் சாயத்தில் தோய்த்து இரண்டு இழுப்பில் முடித்துவிடலாம்.

அரசும் எழுதுகிறது, அரசும் அழித்து எழுதுகிறது. திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் 1995-இல் பிரிந்தது. 2001-இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று; 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது; 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனியாயிற்று. (அந்த நாள் விபத்து நடந்த அதே நாள் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.) பன்னிரண்டே ஆண்டுகளில் அரியலூர் அலுவலகச் சுவர்களில் ‘மாவட்டம்’ என்பதற்கு முன்னுள்ள சொல் நான்கு முறை மாறிற்று. ஒரு சோழர் கல்வெட்டில் வளநாட்டின் பெயர் மாறியிருந்தால் அதை வைத்தே ஆட்சியாண்டைக் கணித்துவிடுகிறோம். இங்கே அதைவிடத் துல்லியமாகக் கணிக்கலாம். வெள்ளையடித்தவர் சற்றுச் சோம்பேறியாக இருந்திருந்தால் போதும்.

சுவரெழுத்தின் வீழ்ச்சி நாமறிந்த கதை. பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் சட்டம் 1959 முதலே உண்டு. அதற்குப் பல்லை முளைக்கவைத்தது 1990-களில் டி.என்.சேஷன் காலத்திலிருந்து தேர்தல் ஆணையம் காட்டிய கண்டிப்பு. 2000-க்குப் பின் ஃபிளெக்ஸ் வந்தது. கணினியில் தட்டச்சிட்ட எழுத்துக்குக் கட்டும் இல்லை, கையும் இல்லை. ஊருக்கு ஊர் வேறுபட்ட ‘க’வும் ‘அ’வும் ஒரே வார்ப்பாயின. ஃபிளெக்ஸின் வேறு கேடுகளைப் பள்ளிக்கரணையில் 2019 செப்டம்பரில் பதாகை சரிந்து ஓர் இளம்பெண் இறந்தபோது நாடே பேசிற்று. எழுத்தின் கை போனதைப் பற்றி எவரும் பேசவில்லை.

ஆயினும் அட்டை போய்விடவில்லை. 2017 ஜனவரியில் மெரினாவிலும் மாவட்டங்கள் தோறும் ஜல்லிக்கட்டுக்காகத் திரண்ட இளைஞர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் அட்டைகளே. பெட்டியைக் கிழித்து, பேனாவால் எழுதி, உயர்த்திப் பிடித்தவை. அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த மாணவி அனிதா, மருத்துவம் படிக்கும் வாய்ப்பை நீட் தேர்வால் இழந்து இறந்தபோது, மறுநாளே தமிழகமெங்கும் மாணவர்கள் அட்டைகளோடு தெருவுக்கு வந்தனர். அவ்வட்டைகளில் அவர் பெயர் இருந்தது. பின்னர் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியில் கட்டப்பட்ட அரங்குக்கு அதே பெயர் சூட்டப்பட்டது. அரங்கின் எழுத்து இனி அங்கேயே இருக்கும். தேதி, துறை, திறந்தவர் பெயர் எல்லாம் கோப்பில் உண்டு. முதலில் எழுதப்பட்டது அட்டையில். அந்த அட்டைகள் அடுத்த வாரமே பழைய தாள் கடைக்கோ அடுப்புக்கோ போயிருக்கும். மூலப்படி இல்லை; நம்மிடம் இருப்பது பிற்காலப் படி மட்டுமே. பாடபேதம் இருந்ததா என்று கேட்கக்கூட வழியில்லை.

ஆகவே இப்பக்கம் வரும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பழுவூருக்குப் போகும்போது வழியில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்துங்கள். செதில் உரிந்த சுவர் ஏதேனும் கண்ணில் படும். நேரே நின்று ஒரு படம், பக்கவாட்டு வெயிலில் ஒரு படம் எடுங்கள். அளவு தெரிய அருகே ஒரு சாண் கோலை வையுங்கள். எழுத்தின் வெள்ளைக்கட்டு எங்கெங்கு விழுந்திருக்கிறது, ‘ணை’க்குத் துதிக்கை உண்டா, அடியில் வேறு நிறம் தெரிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் பழைய ஓவியர் எவரேனும் இருந்தால் பரண்மேல் சாயம் தோய்ந்த அட்டைகள் கிடக்கின்றனவா என்று கேளுங்கள். சாயம் படிந்து படிந்து ஓட்டையின் விளிம்பு தடித்திருக்கும். எத்தனை தேர்தல் கண்டது என்பதை நிற அடுக்குகளே சொல்லிவிடும். இதையெல்லாம் ஐப்பசி மழைக்கு முன்னே செய்துவிடுவது நல்லது. மார்கழி பிறந்துவிட்டால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.